முதலில் சந்தை, பிறகு வரைபடம்

மேல்நிலைப் பொருளியல் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். ‘நடைமுறைச் சிக்கல் வழிக் கற்றல்’ என்று முன்னுரையில் எழுதிவிட்டு, செயல்பாட்டைப் பாடத்தின் கடைசிப் பக்கத்தில் வைக்கிறீர்கள். விடை தெரிந்த பிறகு யார் யோசிப்பார்கள்? வரிசையை மாற்றுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

தேவை, அளிப்புப் பாடத்துக்கு 20 அட்டைகள் போதும். வாங்குவோர் பத்துப் பேருக்கு 20, 18, 16 என்று 2 வரை. அந்த எண்ணுக்கு மேல் கொடுத்து வாங்கக் கூடாது. விற்போர் பத்துப் பேருக்கு 2, 4, 6 என்று 20 வரை. அது அடக்கவிலை, அதற்குக் கீழே விற்கக் கூடாது. ஆளுக்கு ஒரு பொருள். அட்டையை யாருக்கும் காட்டக் கூடாது. ஐந்து ஐந்து நிமிடமாக நான்கு சுற்று. முதல் சுற்றில் விலை கன்னாபின்னாவென்று தாவும். போகப்போகப் பெரும்பாலும் 10க்கும் 12க்கும் இடையில் வந்து நிற்கும். ஐந்து பேரம் படியும். அதற்குப் பிறகு கரும்பலகையில் தேவைக் கோடும் அளிப்புக் கோடும் போடலாம்.

சொதப்பும் இடம் ஒன்று உண்டு. இருவர் இருவராக ஒதுங்கிப் பேரம் பேச விட்டால் விலை ஒன்றுசேராது. பொருளியலாளர் சேம்பர்லின் 1948இல் வெளியிட்ட வகுப்பறைச் சோதனையில் அதுதான் நடந்தது. இன்னொரு பொருளியலாளர் வெர்னன் ஸ்மித் எல்லோர் காதிலும் விழும்படி விலையைக் கூவவைத்தார், சுற்றுகளைத் திரும்பத் திரும்ப நடத்தினார். 1962இல் அவர் வெளியிட்ட முடிவுகளில் விலை சமநிலையை, அதாவது தேவையும் அளிப்பும் ஒத்துப்போகும் விலையை, நெருங்கியது. இன்னொன்று: 20 அடக்கவிலைக்காரருக்குப் பேரமே படியாது, சலித்துப்போவார். விற்போர் அட்டைகளை விற்போருக்குள்ளேயே, வாங்குவோர் அட்டைகளை வாங்குவோருக்குள்ளேயே சுற்றுதோறும் கலைத்துக் கொடுங்கள், கோடு மாறாது.

ஐந்தாம் சுற்றில்தான் உண்மையான சிக்கல். 7க்கு மேல் விற்கக் கூடாது என்று அறிவியுங்கள். வாங்க ஏழு பேர் நிற்பார்கள், விற்க மூன்றே பேர். பற்றாக்குறை நான்கு என்பதோடு பாடநூல் நின்றுவிடும். பொருள் யார் கைக்குப் போகும் என்பதை வரைபடம் காட்டாது. முந்தியவருக்கா, குலுக்கலா, பங்கீடா? மாணவர்களே விதி வகுத்து மொத்த ஆதாயத்தைக் கூட்டட்டும்: படிந்த ஒவ்வொரு பேரத்திலும் வாங்கியவர் அட்டை எண்ணில் விற்றவர் அட்டை எண்ணைக் கழித்தால் வருவதுதான் ஆதாயம். கட்டுப்பாடு இல்லாதபோது மொத்தம் 50 வரை வரும். இப்போது மூன்று பேரமும் படிந்தால், யாருக்குக் கிடைத்தது என்பதைப் பொறுத்து 42ஆகவும் இருக்கலாம், 18ஆகவும் சரியலாம்.

வினாத்தாள் மாறாவிட்டால் இதெல்லாம் வீண். ‘சமநிலை விலை வரையறு’ என்பதை எடுத்துவிட்டு, இதுபோல ஓர் எண் அட்டவணை கொடுங்கள். ஐந்து மதிப்பெண்ணில் விலைக்கு 1, கணக்குக்கு 2, யாருக்கு நட்டம், ஏன் என்பதற்கு 2. எண்களை ஆண்டுதோறும் மாற்றுங்கள். இல்லையென்றால் அடுத்த ஆண்டே அந்த அட்டவணையும் மனப்பாடமாகிவிடும்.

இப்படிக்கு,
பொருளியல் ஆசிரியர்கள்