ரப்பர் எந்த அதிர்வெண்ணில் வேலை செய்யும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சுரங்க ரயில் அதிர்வு பற்றிய தங்கள் அறிவியல் பக்கக் கட்டுரையைப் படித்தேன். தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் வைத்தால் மேலே உள்ள வீடுகளுக்கு அதிர்வே தெரியாது என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். அதிர்வுமானியும் கையுமாக இயந்திரப் பராமரிப்பில் வேலை பார்த்தவன் நான். அந்த வரியைச் சும்மா விட மனம் வரவில்லை.

நிமிடத்துக்கு 1,480 சுற்று ஓடும் ப்ளோயர் (காற்றை ஊதும் இயந்திரம்) ஒன்றுக்கு ரப்பர் பேட் போட்டிருந்தோம். தளம் அமைதியாக இருந்தது. பிறகு மின்சாரத்தை மிச்சப்படுத்த அதை 500 சுற்றில் ஓட்டச் சொன்னார்கள். ஆடிய ஆட்டத்தில் போல்ட்டெல்லாம் தளர்ந்துவிட்டது. ரப்பருக்கும் அதன்மேல் உட்கார்ந்த எடைக்கும் சேர்த்து ஓர் இயல் அதிர்வெண் உண்டு; தட்டிவிட்டால் தானாக விநாடிக்கு எத்தனை முறை ஆடும் என்பதுதான் அது. அங்கே அது 8 ஹெர்ட்ஸ் சொச்சம், அதாவது விநாடிக்கு 8 ஆட்டத்துக்குச் சற்று மேல். 500 சுற்று என்பதும் விநாடிக்கு 8 சொச்சம்தான். வரும் அதிர்வின் அதிர்வெண், இயல் அதிர்வெண்ணைப் போல் 1.4 மடங்கைத் தாண்டினால்தான் ரப்பர் அதிர்வைக் குறைக்கும். அதற்குக் கீழே கூட்டித்தான் கொடுக்கும்.

ப்ளோயரையாவது வேறு வேகத்தில் ஓட்டித் தப்பிக்கலாம். ரயிலுக்கு அந்த வழி இல்லை. மணிக்கு 72 கி.மீ. என்றால் விநாடிக்கு 20 மீட்டர். தண்டவாளத்தில் 2 மீட்டர் நீளத்துக்கு ஒரு மேடுபள்ளம் திரும்பத் திரும்ப வந்தால் 10 ஹெர்ட்ஸ்; அதுவே 8 செ.மீ. என்றால் 250 ஹெர்ட்ஸ். நிஜத் தண்டவாளத்தில் எல்லா நீளமும் கலந்தே கிடக்கும். தண்டவாளத்தைத் தாங்கும் கான்கிரீட் பலகையை ரப்பரிலோ சுருள்வில்லிலோ மிதக்கவிடும் பாதையின் இயல் அதிர்வெண் 10 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அதைவிட வெகு அதிகமான அதிர்வெண்ணில் வீட்டுச் சுவர்கள் எழுப்பும் உறுமல் அடங்கிவிடும், உண்மைதான். ஆனால் 10 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அதிர்வு கூடும். வீட்டுத் தளத்தின் இயல் அதிர்வெண்ணும் அதே இடத்தில் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ரப்பரே கூடாது என்று நான் சொல்லவில்லை. லண்டனில் செயின்ட் ஜேம்ஸ் பார்க் சுரங்க ரயில் நிலையத்தின் மேல் 1966இல் ஒரு கட்டடத்தையே ரப்பர் தாங்கிகளில் நிறுத்தினார்கள். கேட்க வேண்டிய கேள்வி, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு குறைகிறது என்பதே. ‘15 டெசிபல் (அதிர்வின் அளவை ஒப்பிடும் அலகு) குறையும்’ என்று ஒற்றை எண்ணைச் சொல்லி விற்பவரை நான் நம்புவதில்லை.

சுரங்கத்திலிருந்து வீடுவரை அதிர்வைக் கொண்டுவரும் மண்ணின் சேதி தனி. சுரங்கத்தை ஒரு குழாயாகவும், சுற்றியுள்ள மண்ணை அதை மூடிய தடித்த குழாயாகவும் வைத்துக் கணக்கிடும் முறையைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். விடை சீக்கிரம் கிடைக்கும். ஆனால் நிஜ மண்ணில் அடுக்குகள் உண்டு, சுரங்கச் சுவரை ஒட்டி வெற்றிடங்கள் உண்டு. கணிப்பு 10 டெசிபல் பிசகினாலே அதிர்வின் அளவு 3 மடங்கு தவறிவிடும்.

இத்தனை செலவுக்கு முன் தண்டவாளத்தைத் தேய்த்துச் சமன் செய்தார்களா, வட்டம் கெட்ட சக்கரங்களைக் கடைந்தார்களா என்று தங்கள் நிருபர் விசாரித்திருக்கலாம். அடுத்த முறை எழுதும்போது, ரப்பர் போடுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை 5 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்கி வரைபடமாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பராமரிப்புப் பொறியாளர்