அழவைத்தால் நல்ல விளம்பரமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பதிப்பில் இந்த வருடத் தீபாவளி விளம்பரங்களைப் பற்றி முழுப்பக்கம் எழுதி, கடைசியில் "உங்களை அதிகம் கண்கலங்க வைத்தது எது?" என்று வாசகர்களிடம் ஓட்டும் கேட்டிருக்கிறீர்கள். கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கண்கலங்குவதையே தரத்துக்கு அளவுகோலாக வைத்துவிட்டீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

நான் கொஞ்ச காலம் கோலாலம்பூரில் விளம்பரங்களுக்குத் தமிழில் குரல் கொடுத்துக்கொண்டிருந்தவள். ஒருமுறை தனிநபர் கடன் விளம்பரம் ஒன்று வந்தது, வங்கி எது என்பது வேண்டாம். மலாய், மெண்டரின், தமிழ் மூன்றுக்கும் ஒரே வாசகம்தான். எனக்கு முன்னால் மலாயில் பேசியவர் துள்ளலாகப் பேசிவிட்டுப் போனார், ஏதோ விடுமுறைக்குக் கிளம்புகிற மாதிரி. அப்புறம் நான் உள்ளே போனால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் "தமிழுக்கு மட்டும் கொஞ்சம் சென்டிமெண்ட் வேணும், அம்மா பேசுற மாதிரி" என்கிறார். மைக்கை நெருங்கி நிற்கச் சொன்னார்கள். அப்படி நின்று மெதுவாகப் பேசினால் குரல் கனத்து, யாரோ நம் காதோரம் பேசுவது போலவே இருக்கும். வழக்கமாக வெட்டியெறிகிற மூச்சுச் சத்தத்தையும் அன்றைக்கு அப்படியே விட்டுவைத்தார்கள். "குடும்பத்துக்காக" என்ற சொல்லில் லேசாகத் தழுதழுக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிற "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" மட்டும் நேர் எதிர், மூச்சு விடுகிற இடத்தையெல்லாம் நறுக்கி ஒட்டி, காதில் விழுவதற்குள் முடிந்துவிடும்.

நகைக்கடை, துணிக்கடை விளம்பரம் என்றால் சிரித்துக்கொண்டே படிக்க வேண்டும். வாய் விரிந்தால் குரல் மாறும், வானொலியில் கேட்பவர்களுக்கு அந்தச் சிரிப்பு தெரிந்துவிடும். தாடை வலிக்கிற வேலைதான், ஆனாலும் எனக்கு அதில் கூச்சம் இருந்ததில்லை. வாங்க, பொருள் இது, விலை இத்தனை வெள்ளி (ரிங்கிட்), அவ்வளவுதான்.

குரல் மாதிரியேதான் படமும். ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் நூறு வருடத்துக்கு முன்பே இதைச் செய்துகாட்டிவிட்டார். ஒரு நடிகரின் சலனமில்லாத முகம், அதோடு ஒரு கிண்ணம் சூப்பைச் சேர்த்துக் காட்டினால் பார்ப்பவர்களுக்கு அவர் பசியோடு இருப்பது போலத் தெரிந்தது, சவப்பெட்டியைச் சேர்த்தால் துக்கத்தில் இருப்பது போலத் தெரிந்தது. முகம் அதே முகம். நம் தீபாவளி விளம்பரத்து அம்மாவும் பெரும்பாலும் சும்மாதான் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்து ஒரு காலி நாற்காலி, ஒலிக்காத கைப்பேசி, பின்னால் புல்லாங்குழல், விளக்கு வெளிச்சத்தில் மஞ்சளடித்த லயத்து வீடு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. மீதியை நாம் போட்டு நிரப்பிக்கொண்டு மூக்கைச் சிந்துகிறோம். சந்தேகம் இருந்தால் சத்தத்தை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள், பாதி அழுகை காணாமல் போயிருக்கும்.

மலாய்க்காரர்களின் ராயா (நோன்புப் பெருநாள்) விளம்பரத்திலும் அழுகை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. உணர்ச்சியே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மலேசிய இயக்குநர் யாஸ்மின் அஹ்மாட் 2007 சுதந்திர தினத்துக்காக பெட்ரோனாஸ் எண்ணெய் நிறுவனத்துக்கு எடுத்த விளம்பரத்தில், ஒரு சீனப் பையன் தனக்குப் பிடித்த மலாய்ச் சிறுமியைப் பற்றிக் கேமராவுக்கு முன்னால் வெட்கத்தோடு சொல்வான், இன்றைக்குப் பார்த்தாலும் நெஞ்சு நெகிழும். அதில் யாரையும் பரிதாபமாகக் காட்டவில்லை.

எனக்கு உறுத்துவது நமக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிற அந்த லயத்து வீடுதான். மலேசியத் தமிழர்களில் பெரும்பாலோர் நகரத்துக்கு வந்து எத்தனையோ காலமாகிவிட்டது, செந்தூலிலும் கிள்ளானிலும் அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறோம், விளம்பரத்தில் மட்டும் இன்னும் தகரக் கூரைக்கு அடியில் உட்கார்ந்து மகனுக்காகக் காத்திருக்கிறோம். சரி, தோட்டத்தைத்தான் காட்டுவோம் என்றால் முழுசாகக் காட்டட்டுமே. பெரிய ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில் ஜனங்கள் வீடு வாசலை விட்டுக் கிளம்ப வேண்டி வந்தது, 1960-இல் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் 10 வெள்ளி 10 வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார். அந்த 10 வெள்ளியை எடுத்துக் கொடுத்த அம்மாவைப் பற்றி ஒரு விளம்பரமாவது வந்திருக்கிறதா? அவர் கணக்குத் தெரிந்தவர், வட்டி எவ்வளவு என்று கேட்டிருப்பார். கடன் விற்பவர்களுக்கு அப்படிப்பட்ட அம்மா எதற்கு?

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இந்த விளம்பரங்களைப் பார்த்து அழுவதில்லை, "இந்தியன் என்றாலே ஏன் எப்பவும் பாவமா காட்டுறாங்க?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்லாமல் நான் சமையலறைக்குப் போய்விடுகிறேன்.

அதனால் என் ஓட்டு எதற்கும் இல்லை. அடுத்த வருடமும் இந்தப் பக்கத்தைப் போடுவீர்கள் என்று தெரியும், போடுங்கள். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் கீழே அது எதை விற்கிறது, கடன் என்றால் வருட வட்டி எத்தனை விழுக்காடு, தவணை தவறினால் அபராதம் எவ்வளவு என்பதையும் சேர்த்துப் போடுங்கள், அதே பெரிய எழுத்தில். அதையும் படித்துவிட்டு வாசகர்கள் ஓட்டுப் போடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்