கமலாவுக்கு, பினாங்கிலிருந்து

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கும் முடிவுக்கு ஊரார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே. இந்த வயதில் நீ ஒருத்தியே எத்தனை காலம் தூக்கிக் குளிப்பாட்டுவாய்?

செந்தூல் இல்லத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். தாதி வேலை பார்த்தவளிடம் கேட்டால் வேறென்ன சொல்வேன்? வரவேற்பறை சோபாவை விட்டுவிட்டு நேரே குளியலறைக்குப் போ. அதுவும் ஆளில்லாத அறையின் குளியலறைக்கு. அந்த ஷவரை வாரம் ஒருமுறையாவது திறந்துவிடுகிறார்களா என்று கேள். தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியனெல்லா என்ற கிருமி பெருகும். 1976-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு விடுதியில் கூடிய முன்னாள் ராணுவத்தினர் பலர் நிமோனியாவில் விழுந்தார்கள். இந்தக் கிருமிதான் காரணம் என்று அடுத்த ஆண்டுதான் தெரிந்தது. ஷவரிலிருந்து பறக்கும் நுண்துளிகளை மூச்சோடு இழுப்பதில்தான் ஆபத்து. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது சாதாரணமாகத் தொற்றாது. ஆனால் பலவீனமான நுரையீரலை லேசில் விடாது.

குளிர்நாட்டு விதிகளில் பச்சைத்தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள். நம் வெயிலில், மாடித் தொட்டியில், நடக்கிற கதையா! தொட்டியைக் கழுவுவது, மூடி வைப்பது, தண்ணீரைத் தேங்கவிடாமல் ஓடவிடுவது, ஷவர் தலையைக் கழற்றிச் சுத்தம் செய்வது, இவைதான் நமக்குக் கைகொடுக்கும். உங்கள் பக்கம் தண்ணீர் தடைக்கும் குறைவில்லை. திரும்ப வந்ததும் கலங்கல் தெளியும்வரை குழாயைத் திறந்துவிட்ட பிறகே குளிப்பாட்டச் சொல். வெந்நீரைச் சேர்த்து வைக்கும் பெரிய ஹீட்டர் என்றால் உள்ளே 60 டிகிரி வேண்டும். அது அப்படியே உடம்பில் பட்டால் சில நொடிகளில் தோல் வெந்துவிடும், பச்சைத்தண்ணீர் கலந்து வர வால்வு இருக்கிறதா பார்.

அம்மா மருந்தை நுண்துளியாக மூச்சில் இழுக்கும் நெபுலைசரைக் குழாய்த்தண்ணீரில் அலசி அப்படியே மாட்டிவிடுவார்கள், கவனம். கடைசியில் கொதித்து ஆறிய தண்ணீரில் அலசிக் காயவைக்க வேண்டும். அப்புறம், வாந்திபேதி பரவும்போது கைக்கு ஜெல் போதாது, சோப்புதான். ஒருவருக்கு டயப்பர் மாற்றிய கையுறையோடே அடுத்தவருக்குச் சோறு ஊட்டினால் அந்த இடமே வேண்டாம்.

இங்கே எல்லாரும் சுகம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படியேற முழங்கால் விடவில்லை. கீழே பந்தலில் மோர் ஊற்றினேன்.

போய்ப் பார்த்துவிட்டு எழுது. அம்மாவுக்குப் பிடித்த ஜாதிக்காய் ஊறுகாயை மகனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
சரசு