மாடு என்ன நிறம் என்று கேட்ட அண்ணனுக்கு

அய்யனை நேற்று ஊருக்குக் கூட்டி வந்துவிட்டோம். உடம்பில் உப்பு குறைந்து, புத்தி தடுமாறி அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். அந்த மூன்று ராத்திரிகளை மறுபடி எழுதத் தெம்பில்லை.

முதல் நன்றி ஆஸ்பத்திரியின் ராத்திரி வாட்ச்மேன் அண்ணனுக்கு. அய்யன் ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "மாட்ட அவுத்துட்டுப் போறானுக" என்று கத்தினார். கட்டிலைச் சுற்றி ஆறு பேர். "இது ஆஸ்பத்திரிங்கய்யா" என்று அவரைவிடச் சத்தமாகக் கத்தியது நான்தான். டூட்டி சிஸ்டர் எங்களை வெளியே அனுப்பினார். "ஒருத்தர் மட்டும் பேசட்டும்" என்றார். கையைக் காலைக் கட்டத்தான் வாட்ச்மேனைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். அவரோ லத்தியைக் கதவோரம் சாய்த்துவிட்டு, கைக்கெட்டாத தூரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏனுங்கய்யா, மாடு என்ன நெறமுங்க?"

"மயிலை." சாம்பல் நிறத்தைத்தான் அப்படிச் சொன்னார்.

"கன்னுல இருந்தே மயிலைங்களா?"

அய்யன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் பாடம் ஆரம்பித்தது. காங்கேயம் கன்று செவலையாக, அதாவது செந்நிறமாகத்தான் விழும், ஆறு மாசம் போனால்தான் மயிலையாகும், இதுகூடவா தெரியாது... அரை மணி நேரம். நடுவில் சிஸ்டர் கண்ணாடியைத் தேடி மாட்டிவிட்டதையும் மறுபடி ஊசி ஏற்றியதையும் அய்யன் கண்டுகொள்ளவே இல்லை.

மறுநாள் விசாரித்தால், அந்த அண்ணன் காங்கேயத்தை அடுத்த ஊதியூர்ப் பக்கத்துக்காரர். மாடு கட்டும் கட்டுத்தரையிலேயே வளர்ந்தவர்.

டாக்டரம்மாவுக்கும் நன்றி. ரத்தத்தில் சோடியம் என்கிற உப்பு 135க்குக் கீழே போகக்கூடாதாம், அய்யனுக்கு 118. "இது டெலிரியமுங்க, திடீர்னு வர்ற புத்தித் தடுமாற்றம். உப்பு ஏறினா தெளிஞ்சிருவாரு. ஆனா வேகமா ஏத்தினா மூளைக்கு ஆபத்து" என்று பொறுமையாகச் சொன்னார். சோறு கொண்டுவந்த அத்தைக்கும், வண்டி ஓட்டிய பங்காளிகளுக்கும், மந்திரிக்கச் சொன்ன மாமாவுக்கும் (பில்லில் பாதி கட்டியது அவர்தான்) நன்றிங்க.

எங்கள் தெருவில் ஒருவரைக் கிறுக்கன் என்று கூப்பிட்டு நானே சிரித்திருக்கிறேன். இனி அந்த வார்த்தை என் வாயில் வராது.

அய்யனுக்கு அந்த ராத்திரிகளில் எதுவும் நினைவில்லை, ஒன்றைத் தவிர. இன்று காலை திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்: "அந்த வாட்ச்மேன் பையனுக்கு மாட்டப் பத்தி ஒண்ணுமே தெரியல கண்ணு. ஒருநா வரச் சொல்லு, நேர்ல காட்டோணும்."