ரெண்டு ஆண் கினி பிக்க உடனே பிரிச்சுடாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்க ஞாயிறு இணைப்புல செல்லப்பிராணி கேள்வி பதில் பகுதில ஒருத்தர், ரெண்டு ஆண் கினி பிக் (எலி மாதிரி கொறிக்கற சின்ன பிராணி) வெச்சிருக்கேன், குட்டியா வாங்கினப்ப ஒண்ணா ஒட்டிக்கிட்டு தூங்கும், இப்ப ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது, கூண்டு பூரா தொரத்துது, என்ன பண்றதுன்னு கேட்ருந்தார். அதுக்கு, தனித்தனி கூண்டுல போடுங்க, இல்லன்னா ஒரு பெண் கினி பிக் வாங்கி விடுங்க அடங்கிடும்னு பதில் வந்திருக்கு. ரெண்டுமே தப்பு, அதுலயும் ரெண்டாவது ரொம்ப ரொம்ப தப்பு.

அவர் சொன்னத வெச்சுப் பாத்தா அங்க சண்டையே நடக்கல. எங்க வீட்லயும் முறுக்கு, சீடைன்னு ரெண்டு ஆண் இருக்கு. முறுக்குதான் பெரியாளு. அவன் திடீர்னு பின்பக்கத்த ஆட்டிக்கிட்டே ஸ்லோ மோஷன்ல சீடைய சுத்தி வருவான், தொண்டைலேர்ந்து உர்ர்ர்னு மொபைல் வைப்ரேட் ஆகற மாதிரி ஒரு சத்தம் வரும், அப்புறம் மேல ஏறுவான், சீடை கீச்னு கத்திட்டு ஓடிப்போய் பொட்டிக்குள்ள பூந்துக்கும், அஞ்சு நிமிஷத்துல ரெண்டும் ஒரே கொத்தமல்லி காம்ப ஆளுக்கொரு பக்கம் கடிச்சுக்கிட்டு நிக்கும். மேல ஏறறத பாத்து வீட்டுக்கு வர்றவங்க ஒரு மாதிரி சிரிப்பாங்க. அது இனப்பெருக்க வேலை மட்டும் இல்ல, நான்தான் இங்க மூத்தவன்னு சொல்ற வேலையும் கூட. பின்பக்கத்த தரைல தேய்ச்சு வாசனை வைக்கறது, மூக்க மேல தூக்கிக்கிட்டு எதிரெதிரா நிக்கறது எல்லாம் இதே கதைதான். ஒருத்தன் மூக்க இறக்கிட்டு விலகிட்டான்னா முடிஞ்சது. விலகறதுக்கு ஒருத்தன் இருக்கற வரைக்கும் அந்த ஜோடி நல்ல ஜோடி.

எப்ப பயப்படணும்னா, பல்ல கடகடன்னு விடாம அடிக்குது, கழுத்து முடி சிலுத்துக்கிட்டு நிக்குது, ரெண்டுல ஒண்ணும் விலக மாட்டேங்குது, பாய்ஞ்சு கடிக்குதுன்னா அது வேற. ரெண்டும் ஒண்ணா பந்து மாதிரி உருண்டா அது நெஜ சண்டை, கைய உள்ள விடாதீங்க, ஆழமா கடிச்சிடும், கெட்டியான ஒரு துண்ட நடுல போட்டு பிரிங்க. ரத்தம் வந்துச்சுன்னா பிரிச்சுத்தான் ஆகணும், அப்ப கூட நடுல கம்பி வலை வெச்சு பக்கத்து பக்கத்துல விடுங்க, பாத்துக்கவும் மோந்துக்கவும் முடியணும். சும்மா உர்ர்ருன்னு சுத்தறதுக்கெல்லாம் நாலு நாள் வேற ரூம்ல போட்டு திரும்பி கொண்டு வந்தீங்கன்னா, அதுங்க யாரு பெரியாளுன்னு முதல்லேர்ந்து ஆரம்பிக்கும், அப்பதான் நெஜமாவே கடி விழும்.

கேள்வி கேட்டவரோடது இப்ப சரியா அந்த வயசு. மூணு நாலு மாசத்துலேர்ந்து ஒரு வயசு தாண்டற வரைக்கும் ஆணுக்கு ஹார்மோன் ஏறி இறங்கிட்டே இருக்கும். முக்கால்வாசி பேரு இந்த சமயத்துலதான் பயந்துபோய் ஒண்ண யாருக்காவது தூக்கிக் குடுத்துடறாங்க, அப்புறம் தனியா மூலைல உக்காந்துட்டு சாப்பிடாம இருக்கு சார்னு டாக்டர்ட்ட போறது. கூட்டமா வாழற பிராணிங்க அது. சுவிட்சர்லாந்துல 2008லயே கினி பிக்க தனியா வளக்கக் கூடாதுன்னு விதி கொண்டு வந்துட்டாங்க.

ஜெர்மனில மியூன்ஸ்டர் பல்கலைக்கழகத்துல நோர்பர்ட் சாக்ஸர்னு ஒரு ஆராய்ச்சியாளர், கினி பிக்குகளோட நடத்தைய பல வருஷம் ஆராய்ச்சி பண்ணவர். அவர் கண்டது இதுதான்: பெரிய கூட்டத்துல மூத்த ஆண்களோட வளர்ந்த ஆண் குட்டி, எங்க விட்டுக் குடுக்கணும்னு கத்துக்குது, பின்னாடி முன்னபின்ன தெரியாத ஆணோட விட்டாலும் பெருசா சண்டை போடாம செட் ஆயிடுது, கார்டிசால்ங்கற ஸ்ட்ரெஸ் ஹார்மோனும் எகிறல. அந்த அனுபவமே இல்லாம வளர்ந்ததுதான் மோதுது, ஸ்ட்ரெஸ்ஸும் ஏறுது. கடைல ரெண்டு குட்டிய எடுத்து ஒரு டப்பால போட்டுக் குடுக்கறாங்க, மூத்தவன்னு ஒருத்தனையும் பாக்காமலே வளருதுங்க, அதுங்க அத இதன்னு பண்ணி தானாத்தான் கத்துக்கணும். அதுக்கு எடம் குடுங்க.

எடம்னா நெஜமாவே எடம். கடைல விக்கற கூண்டு பத்தவே பத்தாது. ரெண்டு ஆணுக்கு 2 அடி அகலம், 5 அடி நீளமாவது வேணும். சாப்பாட்டு கிண்ணம் ரெண்டு, தண்ணி பாட்டில் ரெண்டு, புல்லும் ரெண்டு எடத்துல, பக்கத்து பக்கத்துல வெச்சா ஒருத்தனே ரெண்டையும் காவல் காப்பான். ஒளியற பொட்டிக்கு கண்டிப்பா ரெண்டு வாசல், ஒரே வாசல்னா சின்னவன் உள்ள மாட்டிக்குவான். கூண்ட ஒரேயடியா கழுவித் தள்ளாதீங்க, அவன் வெச்ச வாசனை எல்லாம் போயிடும், போனா மறுபடியும் உர்ர்ர்தான், கொஞ்சம் பழைய துணிய உள்ளயே விட்டு வைங்க. வாரத்துக்கு ஒரு தடவ கிச்சன் தராசுல ரெண்டையும் எடை போடுங்க, சின்னவன் எடை இறங்கிட்டே போச்சுன்னா அவன சாப்பிட விடலன்னு அர்த்தம், இல்லன்னா பல்லுலயோ வேற எங்கயோ கோளாறு. ரொம்ப நாளா நல்லா இருந்த ஜோடி திடீர்னு மாறினாலும் முதல்ல டாக்டர்தான், வலி வந்த பிராணி கடிக்கத்தான் செய்யும். மூணாவது ஆண சேத்து விடற ஐடியாவும் வேணாம்.

இப்ப அந்த பெண் விஷயம். ரெண்டு ஆணுக்கு நடுல ஒரு பெண்ண விட்டா அடங்காது சார், அதுவரைக்கும் சும்மா உறுமிட்டு இருந்ததுங்க அவளுக்காக ரத்தம் வர கடிச்சுக்கும். அவ சினையாவா. குட்டி போட்ட சில மணி நேரத்துலயே திரும்ப சினையாக முடியும், ஆண் பக்கத்துலயே இருந்தா அவளுக்கு ஓய்வே கிடையாது. ஏழு எட்டு மாசத்துக்கு மேல ஆன பெண், முதல் தடவையா சினையானா இடுப்பெலும்பு விரியாம பிரசவத்துலயே செத்துப்போற ஆபத்து இருக்கு. இதெல்லாம் ஒரு வரி கூட போடாம பெண்ண வாங்கி விடுங்கன்னு எழுதறது எப்டிங்க?

அடுத்த வாரம் அதே பகுதில இத திருத்திப் போடுங்க. அவர் அதுக்குள்ள பெண்ண வாங்கி விட்டிருந்தார்னா இன்னிக்கே அத எடுத்து வேற ரூம்ல வைக்கச் சொல்லுங்க, ஆணுங்களுக்கு அவ வாசனை கூட எட்டக் கூடாது, அதுக்குத் துணையா இன்னொரு பெண் பாக்கச் சொல்லுங்க, சினையா இருந்தா 59லேர்ந்து 72 நாளுக்குள்ள குட்டி வரும், வர்ற குட்டில ஆண மூணு வாரத்துலயே தாய்ட்டேர்ந்து பிரிக்கணும், அந்த வயசுலேர்ந்தே அதுங்களால சினையாக்க முடியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சென்னை