வாசகர் வட்டம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் ஐயா அவர்களுக்கும், நூலகர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் கிளை நூலக வாசகர் வட்டத்தில் 11 மாதக் கூட்டங்கள் நடந்தன. டிசம்பர் கூட்டம் மழையோடு போயிற்று. ஆகஸ்ட் 12, எஸ்.ஆர். அரங்கநாதன் பிறந்தநாளில் நூலகர் தினம் கொண்டாடினோம். மற்றதெல்லாம் வழக்கம்போல. சொல்லும்படியாக நடந்தது சனிக்கிழமைக் கதை வகுப்பு ஒன்றுதான். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிக்கொள்கிறேன்.

6 முதல் 8ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள். மாலை 4 மணிக்கு, நூலக மாடியில். 23 பேரோடு தொடங்கி, டியூஷனும் கிரிக்கெட்டும் பிடுங்கிக்கொண்டது போக, 14 பேர் கடைசிவரை வந்தார்கள்.

முதல் நாள் “ஒரு கதை எழுதுங்க” என்றோம். அநேகமாக எல்லா நோட்டிலும் ஒரே ஊர், ஒரே விவசாயி, ஒரே பேராசைக்காரப் பக்கத்து வீட்டுக்காரன். கடைசி வரியில் நீதி. பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முடியாது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று உட்தலைப்புப் போட்டு எழுதினால்தான் மதிப்பெண் என்று பழக்கிவிட்டு, கதை மட்டும் தானாக வா என்றால் எங்கிருந்து வரும்?

அடுத்த வாரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியரான நம் மூத்த உறுப்பினர் தொல்காப்பியத்தோடு வந்தார். இன்றோடு வகுப்பு காலி என்று நினைத்தேன். அவர் பலகையில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளையும் எழுதினார். உரை எதுவும் சொல்லவில்லை. அச்சத்தைத் தொட்டுக் காட்டி, “பயந்தா உடம்புல என்னல நடக்கும்?” என்று கேட்டார். கை சில்லிடும், எச்சில் இறங்காது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். “ஒண்ணுக்கு வரும் சார்” என்றான் ஒருவன். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. உள்ளத்தில் இருப்பது மெய்யில் படுவதுதான் மெய்ப்பாடு என்றார் ஐயா. அன்றிலிருந்து ‘பயந்தான்’, ‘கோபப்பட்டார்’ இரண்டுக்கும் வகுப்பில் தடை. உடம்பு என்ன செய்தது என்றுதான் எழுத வேண்டும்.

பிறகு முதற்பொருள்: எந்த இடம், எந்தப் பொழுது என்று முடிவுசெய்யாமல் பேனாவைத் தொடக் கூடாது. ஒரு மதிப்பெண் வினாவுக்காக ஐந்திணைக் கருப்பொருளை (அந்தந்த நிலத்துக்குரிய மரம், விலங்கு, தொழில் முதலியவற்றை) ஒப்பிக்கும் பிள்ளைகளிடம் அவரவர் தெருவின் கருப்பொருளைக் கேட்டோம். தண்ணீர்த் தொட்டி, டிரான்ஸ்பார்மர், மூன்று கால் நாய் என்று பட்டியல் வந்தது.

ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. அப்பாவுக்கு இஸ்திரி வண்டி. ஒருவர் சட்டையில் கரி பட்டுத் துளை விழுந்துவிட்டதை எழுதியிருந்தாள். “அப்பா அந்தச் சட்டையை மடித்தார். துளை வெளியே தெரிந்தது. பிரித்து வேறு மாதிரி மடித்தார். அப்போதும் தெரிந்தது. தெருமுனையில் பைக் சத்தம் கேட்டது.” அதோடு கதை முடிந்தது. ‘முடிவு எங்கே?’ என்று நம்மில் இருவர் கேட்டார்கள். தமிழாசிரியர் ஐயா நோட்டை மூடி அவளிடமே கொடுத்து, “இதுல ஒரு வரி கூட்டினாலும் நான் பேச மாட்டேன்” என்றார்.

இந்த இடத்தில் என் தவறையும் பதிவு செய்ய வேண்டும். அதே கதையில் அம்மா, “ஏளா, சும்மா இரி” என்கிறாள். நான் சிவப்புப் பேனாவால் அடித்து, “மகளே, அமைதியாக இரு” என்று திருத்தினேன். “எங்க அம்மா இப்படிப் பேச மாட்டாங்களே சார்” என்றாள். அடுத்த இரண்டு வாரம் அவள் வரவில்லை. நூலகர் வீட்டுக்கே போய்க் கூட்டிவந்தார். அதன்பின் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம்: மேற்கோள் குறிக்குள் வீட்டுப் பேச்சு, வெளியே ஒற்றுப்பிழை, ளகர லகரம் எல்லாம் பார்க்கப்படும், அதுவும் கதையை முழுக்க வாசித்து முடித்த பிறகு. சிவப்புப் பேனாவைப் பொருளாளரிடம் ஒப்படைத்துவிட்டேன்; கணக்கில் டிக் அடிக்க உதவும்.

நவம்பர் 14 தொடங்கிய நூலக வார விழாவில் 9 பிள்ளைகள் தங்கள் கதையை வாசித்தார்கள். இஸ்திரி வண்டிக் கதை வாசிக்கப்பட்டபோது அவள் அப்பா கடைசி வரிசையில் நின்றிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. 6 முதல் 9ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கல்வித் துறை நடத்தும் ‘தேன்சிட்டு’ இதழுக்குச் சில கதைகளை அனுப்பலாம் என்பது ஐயாவின் யோசனை. பிள்ளைகளைக் கேட்டுச் செய்வோம்.

வரவு: சந்தா 42 பேர், ரூ.4,200, நன்கொடை ரூ.1,500. செலவு: நோட்டு, பேனா ரூ.1,840, டீ, சுண்டல் ரூ.2,260, நகல் ரூ.900. கையிருப்பு ரூ.700. சுண்டல் செலவு அதிகம் என்று பொருளாளர் முறையிடுகிறார். சனிக்கிழமை நாலு மணிக்குப் பசியோடு வருகிற பிள்ளையை எழுதச் சொல்ல எனக்கு மனமில்லை. இந்தத் தலைப்பில் ரூ.500 கூட்டித் தரும்படி கேட்கிறேன். மாடியில் ஒரு மின்விசிறி ஓடவில்லை. கதை நோட்டுகளை வாசித்துப் பேச இன்னும் இரண்டு பேர் வேண்டும். பெண் உறுப்பினர் ஒருவர் வந்தால் நல்லது.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி அவையை வேண்டுகிறேன்.

செயலாளர்