கொடைக்கானல் ஹோம்ஸ்டே வருமானத்தை எந்தத் தலைப்பில் காட்டுவது எனத் தெளிவுபடுத்தக் கோரி மனு

அனுப்புநர்:
வில்பட்டி, பள்ளங்கி, பூம்பாறை, மன்னவனூர் பகுதிகளில் வீட்டு அறைகளை நாள் வாடகைக்கு விடுவோர் (கையெழுத்துகள் தனித்தாளில்),
கொடைக்கானல் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
தலைமை வருமான வரி ஆணையர் அவர்கள்,
வருமான வரித்துறை, மதுரை.

பொருள்: ஹோம்ஸ்டே வருமானம் வீட்டுச் சொத்து வருமானமா, தொழில் வருமானமா என்று தெளிவுபடுத்தவும், கொடைக்கானலில் விளக்க முகாம் நடத்தவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நாங்கள் ஓட்டல் முதலாளிகள் அல்ல. குடியிருக்கும் வீட்டிலேயே இரண்டு மூன்று அறைகளை ஒதுக்கி, சுற்றுலா வருவோருக்கு விடுகிறோம். ஏப்ரல், மே சீசனிலும் தொடர் விடுமுறையிலும்தான் வரும்படி. மழைக்காலத்தில் அறைகள் பூட்டியே கிடக்கும். வரியிலிருந்து விலக்குக் கேட்டு இந்த மனுவை எழுதவில்லை. எந்தக் கணக்கில் கட்டுவது என்றுதான் கேட்கிறோம்.

ஜி.எஸ்.டி.யில் எங்களுக்குப் பெரிய குழப்பமில்லை. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்து, பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லாதவர்களுக்கு, ஜி.எஸ்.டி. சட்டத்தின் 9(5) பிரிவின்படி இணைய முன்பதிவுத் தளமே விருந்தினரிடம் வசூலித்துக் கட்டிவிடுகிறது. சிக்கல் வருமான வரியில்தான்.

2024 ஆம் ஆண்டின் இரண்டாவது நிதிச் சட்டம், தொழில் வருமானம் பற்றிய வருமான வரிச் சட்டத்தின் 28 ஆம் பிரிவில் ஒரு விளக்கத்தைச் சேர்த்தது. குடியிருப்பு வீட்டையோ அதன் ஒரு பகுதியையோ உரிமையாளர் வாடகைக்கு விட்டால், அந்த வருமானம் வீட்டுச் சொத்து தலைப்பில்தான் வரும், தொழில் வருமானம் ஆகாது என்கிறது அது. 2025-26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இது நடைமுறை. மாத வாடகைக்கு ஆள் வைத்துவிட்டு ஐந்தாம் தேதி வாடகை வாங்குபவருக்கு இது சரி. எங்களுக்கும் பொருந்துமா?

ராத்திரி பத்து மணிக்கு வத்தலக்குண்டு மலைப்பாதையில் ஏறி வந்து இறங்கும் குடும்பத்திடம் சாவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போக முடியாது. கம்பளி வேண்டும், வெந்நீர் வேண்டும், குழந்தைக்குப் பால் வேண்டும். கரண்ட் போனால் கீசர் ஓடாது, விறகடுப்பில் அண்டா ஏற்ற வேண்டும். காலையில் இட்லி, தோசை. அவர்கள் போன பிறகு விரிப்பும் போர்வையும் துவைத்துப் போட்டால், இந்தக் குளிரில் காய இரண்டு நாள் ஆகும். இதற்கெல்லாம் ஆள் கூலி, கேஸ், விறகு, அதற்கு மேல் தளத்தின் கமிஷன்.

வருடத்துக்கு 6 லட்சம் வரவு என்று வைத்துக்கொள்வோம். வீட்டுச் சொத்து என்றால், கட்டிய வீட்டு வரியைக் கழித்து, மீதியில் 30% தள்ளுபடி போக, ஏறக்குறைய 4.2 லட்சம் வருமானமாக நிற்கும். கூலியும் கேஸும் கமிஷனும் கழியாது. தொழில் என்று கொண்டு, வரவில் ஒரு சதவீதத்தை வருமானமாகக் கொள்ளும் 44ஏ.டி. பிரிவில் காட்டினால், வங்கி வழியாக வந்த வரவில் குறைந்தபட்சம் 6%, அதாவது 36,000 ரூபாய். இரண்டாவது எங்களுக்குச் சாதகம் என்பதை மறைக்கவில்லை. ஆனால் ஒரு ஆடிட்டர் வீட்டுச் சொத்து வருமானம் காட்டும் ஐ.டி.ஆர்.-1 படிவம் போடு என்கிறார், அடுத்தவர் 44ஏ.டி. தொழில் வருமானம் காட்டும் ஐ.டி.ஆர்.-4 தான் சரி என்கிறார். நாளைக்கு நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல வேண்டியது நாங்கள்தான்.

அப்புறம் பெயர்ச் சிக்கல். வீடு அம்மா பெயரில் இருக்கும். செயலியில் கணக்குத் தொடங்கியவர் மகன், பான் எண்ணும் அவருடையது. 194-ஓ பிரிவில் தளம் எங்களுக்குத் தரும் பணத்தில் முன்கூட்டியே பிடிக்கும் வரி (டி.டி.எஸ்.) 30.09.2024 வரை 1%, அதன் பிறகு 0.1% தான். அந்தப் பணம் போனால் போகிறது. ஆனால் மொத்த வசூலும், பிடித்த வரியைப் பான் எண் வாரியாகக் காட்டும் 26ஏ.எஸ். படிவத்தில் மகன் பெயரில் ஏறிவிடுகிறது. அதுவும் கமிஷன் கழிக்காத தொகை: விருந்தினர் 3,000 கட்டி, எங்கள் வங்கிக்கு 2,550 வந்தாலும் படிவத்தில் 3,000 தான். வீட்டுச் சொத்து தலைப்பென்றால் வரிக்குரியவர் அம்மா. எங்களில் ஒருவரின் மகனுக்கு, கணக்கில் காட்டாத வரவு என்று குறுஞ்செய்தியே வந்துவிட்டது. பிடித்த வரியை உரியவர் பெயருக்கு மாற்ற வருமான வரி விதிகளின் 37பி.ஏ. விதியில் வழி இருக்கிறது, ஆனால் அதற்குத் தளம் தன் அறிக்கையில் திருத்தித் தர வேண்டும். மின்னஞ்சல் அனுப்பினால் தானியங்கி பதில்தான் வருகிறது.

ஆகவே, உணவும் பணிவிடையும் சேர்ந்த ஹோம்ஸ்டே வருமானம் எந்தத் தலைப்பில் வரும் என்று 119 ஆம் பிரிவின் கீழ் சுற்றறிக்கை வெளியிடும்படி, மத்திய நேரடி வரிகள் வாரியத்துக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டுகிறோம். அது வரும்வரை, வரவை முழுதாகக் காட்டியவர்கள் மேல் தலைப்பு மாறிய ஒரே காரணத்துக்காக, வருமானத்தைக் குறைத்துக் காட்டியதாக 270ஏ பிரிவின் அபராதம் பாயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கணக்குத் தாக்கல் செய்யக் கடைசி நாள் 15.09.2025. அதற்கு முன், சீசன் ஓய்ந்திருக்கும் ஜூலையிலேயே கொடைக்கானலில் ஒரு நாள் முகாம் வைத்தால் பெரிய உதவி. மதுரைக்கு வந்து போக ஒரு முழு நாள் போய்விடுகிறது. விளக்கமும் கையேடும் தமிழில் இருக்கட்டும், 26ஏ.எஸ். படிவத்தைத் திறந்து காட்டிப் பேசும் அலுவலராக அனுப்பினால் இன்னும் நல்லது. இடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு.

மூன்று வீடுகளின் வரவு செலவுக் கணக்கும், அவற்றுக்கான 26ஏ.எஸ். நகலும் இத்துடன் இணைத்துள்ளோம்.

இடம்: கொடைக்கானல்
நாள்: 16.06.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கையெழுத்திட்டுள்ள வீட்டு உரிமையாளர்கள்